இரண்டு விரல்

அவரை நினைக்கும்போது முதலில் கண்ணில் தோன்றுவது அவர் முகமன்று. ஒரு கொய்யாப்பழத்தை இறுகப் பற்றியிருந்த வேறொருத்தியின் கை.

கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் காலை மின்வண்டியில், பெண்கள் பெட்டியில் அது நிகழ்ந்தது. மீஞ்சூர் நடைமேடையில் கூடைக்காரியிடம் அவர் கொய்யாவும் வெள்ளரிப் பிஞ்சும் வாங்கியிருந்தார். பொன்னேரி தாண்டியதும், சுற்றியிருந்த பெண்களுக்கு எந்த ஒழுங்குமின்றி, ஒருத்திக்குக் கொய்யா, மற்றொருத்திக்கு வெள்ளரி என்று கொடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் தொழிற்பேட்டை ஆலைகளில் ஒப்பந்தத்தின் பேரில் பணிசெய்பவர்கள். கவரைப்பேட்டையில் வண்டி நின்றபோது, மாற்றிக்கொள்ள விரும்புவோர் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஒருவரும் அசையவில்லை. பொன்னேரியில் ஏறும் இளம்பெண் ஒருத்தி மட்டும் அவர் பார்வையில் அகப்பட்டாள். கொய்யா விதை பல்லில் சிக்குகிறது என்று நாள்தோறும் குறை சொல்பவள் அவள். இப்போது அவள் கையில் இருந்தது கொய்யா.

"ஒனக்குக் கொய்யா ஆவாதேம்மா?"

"ஆவாதுதான் மேடம். ஆனா எனக்குன்னு குடுத்துட்டீங்களே" என்று சொல்லி அவள் பழத்தை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

பெட்டி சிரித்தது. மூலையிலிருந்து ஒருத்தி, பரீட்சை வைத்தால் மார்க்கும் போட வேண்டும் என்று குரல் கொடுத்தாள். அவர் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா தமிழு? கைக்கு வர்ற வரைக்கும் அது வெறும் கொய்யா. வந்துட்டா, அத வுடறது சதைய அறுக்கற மாதிரி."

நாங்கள் இருவரும் தொழிற்பேட்டைக்கு அப்பால் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் பணியாற்றினோம். நான் தமிழ்த் துறை, ஆகையால் 'தமிழு'. அவர் கணிதத் துறை. உறுதியற்ற நிலையில் மனிதர் எதை விரும்பித் தேர்கிறார், எதைக் கைவிட அஞ்சுகிறார் என்பதைச் சமன்பாடுகளில் அமைப்பது அவருடைய ஆராய்ச்சி. முனைவர்ப் பட்டத்துக்கான ஆய்வேட்டை இதே பெட்டியில், இதே சன்னலோரத்தில் அமர்ந்துதான் எழுதி முடித்ததாகச் சொல்வார். அந்த இடத்தில் வேறு எவரும் அமர்வதில்லை. அவர் யாரையும் எழுப்பியதில்லை. எவரேனும் அமர்ந்திருந்தால் எதிரே நின்றபடி, தம் வீட்டுக்குள் அயலார் புகுந்ததைப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருப்பார். அமர்ந்தவர் தாமே எழுந்துவிடுவார்.

அவரிடம் ஒரு குடை இருந்தது. ஆண்டு முழுவதும் அதைச் சுமந்தார். ஆனால் காற்றோடு மழை பெய்தால் குடையை மடக்கிப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, தலை நனைய நடப்பார். கேட்டால், கம்பி முறிந்துவிட்டால் என்ன செய்வது என்பார். நனைந்த தலையைத் துறை அறையில் துவட்டும்போது, தம் பாடத்துக்குத் தாமே எடுத்துக்காட்டு என்று தம்மை எள்ளிக்கொள்வார். சென்னையில் இதைவிடப் பெரிய கல்லூரி ஒன்று அழைத்தபோதும் போகவில்லை. கிடைப்பதைக் கூட்டிச் சொன்னவர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "வர்றது இருக்கட்டும். போறது இன்னான்னு சொல்லுங்க."

தம் துறைச் சொற்களைத் தமிழாக்க என்னை நாடுவார். கையில் உள்ளதைக் கைவிட அஞ்சும் அந்த இயல்புக்கு 'இழப்பச்சம்' என்று ஒரு சொல்லை நான் முன்வைத்தேன். அவருக்கு நிறைவில்லை. அச்சம் என்பது இனி வரப்போவதைப் பற்றியது. இதுவோ ஏற்கெனவே பற்றியிருப்பதைப் பற்றியது என்றார். சன்னலுக்கு அடியில் இருந்த இரும்புத் தகட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் எப்போதும் படிந்திருக்கும். அதில் விரலால் ஒரு கோட்டை வரைந்தார். நடுவில் ஒரு புள்ளி. அதற்கு வலப்புறம், ஈட்டத்தின் பக்கம், கோடு ஏரிக்கரைபோல் மெல்லச் சாய்ந்து ஏறியது. இடப்புறம், இழப்பின் பக்கம், ஆரணியாற்றில் மணல் அள்ளிய குழிபோல் சட்டென்று இறங்கி, பிறகு தட்டையாகிப் போயிற்று. நடுப்புள்ளியே எல்லாம் என்றார். மனிதன் எங்கு நிற்பதாக நினைக்கிறானோ அங்கிருந்துதான் அளக்கிறான். இறங்கும் முதல் அடி தாங்க முடியாதது. குழிக்குள் விழுந்தவனுக்கோ மேலும் ஓரடி பெரிதாகத் தெரியாது. மேலேறிவிட ஒரு நூலிழை வாய்ப்பு தெரிந்தாலும், அந்த நூலைக் கயிறாக எண்ணித் தொங்குவான். ஆகவே, உறுதியான சிறிய இழப்பைத் தவிர்ப்பதற்காகப் பேரிழப்பைப் பணயம் வைப்பான்.

இன்னொன்றும் அந்தப் பெட்டியிலேயே கற்பித்தார். ஓர் ஆலையில் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், பகல் பணிமுறைப் பெண்களிடம் மேற்பார்வையாளர் ஒருவர், பத்துப் பேரில் மூவருக்கு வேலை நிலைக்கும் என்றார். இரவு முறைப் பெண்களிடம் மற்றொருவர், பத்துப் பேரில் எழுவருக்கு வேலை போகும் என்றார். பகல் முறையினர் சாமிக்கு வேண்டிக்கொண்டு கலைந்தார்கள்; இரவு முறையினர் வாயிலில் அமர்ந்து அழுதார்கள். இரு முறைப் பெண்களும் மறுநாள் வண்டியில் ஒருவரையொருவர் பார்த்துக் குழம்பியபோது அவர் விளக்கினார்.

"ரெண்டும் ஒரே கணக்குதாம்மா. எந்தப் பக்கத்துலருந்து சொல்றாங்கன்றதுதான் வேற."

பொன்னேரிப் பெண் அந்த வாக்கியத்தை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவர் கணவர் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புருட்டு ஆலையில் பணியாற்றினார். செந்தழலாய் வெளிவரும் கம்பியை நீண்ட இடுக்கியால் பிடித்துத் திருப்பி அடுத்த உருளைக்குள் செலுத்தும் வேலை. கால் தரையில் வேரூன்றி நின்றால்தான் கை சுழலும். ஒரு நொடி தடுமாறினால் கம்பி பாம்பாய்ச் சுருண்டு மேலே விழும். அந்தக் கூலியில்தான் மனைவியைப் படிக்க வைத்தார். கல்லூரி ஆண்டு விழாவுக்கு வெள்ளைச் சட்டை அணிந்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர், என்னிடம் மனைவியைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "ஊட்லயும் இதே பேஜாருதாங்க. கொழம்புல உப்பு போடறதுக்குக்கூட ரெண்டு பக்கமும் யோசிப்பாங்க. அதுக்குள்ள எனக்கு ஷிப்டு வந்துடும்." மனைவியை அவர் 'டீச்சரே' என்றுதான் அழைப்பார். அந்த அழைப்பில் கேலி பாதி. தம் உழைப்பின் பயனைத் தாமே ஒருமுறை கேட்டு மகிழ்வது பாதி.

கணவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஆலையில் அணியும் கனத்த காலணிக்குள், வலக்காலின் கடைசி இரு விரல்களுக்கு இடையே ஒரு புண் உண்டாயிற்று. ஆலையில் ஆண்டுதோறும் உடற்தகுதி பார்ப்பார்கள். காலில் குறையுள்ளவரை உருளைப் பக்கத்திலிருந்து வாயிற்காவலுக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே கணவர் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, அதன்மேல் காலுறையும் காலணியும் அணிந்து பணிக்குப் போனார். மனைவிக்கு அது தெரியும். உடற்தகுதித் தேர்வு முடியட்டும் என்று அவரும் பொறுத்தார். தேர்வு முடிந்தது. விரல்கள் கறுத்தன.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது துணைக்கு நானும் உடன் சென்றேன். அறுவை மருத்துவர் இளைஞர், பொறுமையாகப் பேசினார். ஆனால் நோயாளியின் கட்டிலருகே எதையும் சொல்லவில்லை. எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்துதான் சொன்னார். இரண்டு விரலோடு நிறுத்திக்கொண்டால் பாதத்தைக் காப்பாற்றிவிடலாம். விட்டால் மேலே ஏறும். மருந்திலேயே ஆறுவது மிக அரிது.

"நீங்களே பக்குவமா சொல்லிடுங்கம்மா. நாங்க சொன்னா பயந்துடுவாரு."

நம்மிடையே தீய செய்தி நோயாளியை நேரே சென்று சேர்வதில்லை. மருத்துவர் உறவினரிடம் சொல்வார். உறவினர் அதைப் பிசைந்து, ஆறவைத்து, சிறு கவளமாக்கி ஊட்டுவார். எந்த வீட்டிலும் இதைத் தவறென்று யாரும் நினைப்பதில்லை. அன்பு என்றே நினைக்கிறோம். அன்று அந்தக் கவளத்தை உருட்ட வேண்டியவர், ஒரே செய்தி சொல்லும் விதத்தால் எவ்வாறு இருவேறு முடிவுகளைப் பிறப்பிக்கும் என்பதை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். இவரைவிடத் தகுதியானவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று நான் நிம்மதி கொண்டேன்.

தாழ்வாரக் குழாயில் முகம் கழுவினார். முந்தானையால் துடைத்தார். உள்ளே போனோம்.

"இன்னா டீச்சரே, இன்னான்றாரு டாக்டரு?"

"ரெண்டு வெரல எடுத்துடணுமாம்." சற்று நிறுத்தினார். "வுட்டா பாதத்துக்கும் ஏறிடுமாம். அபூர்வமா மருந்துலயே ஆறுறதும் உண்டாம்."

கணவர் துணி சுற்றிய காலை, அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தார்.

"ஆறுறது உண்டுன்றாங்க இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு அறுக்கறது? வெரலு இல்லாதவன மில்லுக்குள்ள எவன் வுடுவான்?"

அவர் தலையசைத்தார். வெளியே வந்து, நோயாளிக்கு விருப்பமில்லை என்று மருத்துவரிடம் தெரிவித்தார். மருத்துவர் இன்னொரு முறை வற்புறுத்திவிட்டு, மருந்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வண்டி எண்ணூரைத் தாண்டியது. கழிமுகத்தின்மேல் ஆலைப் புகை தாழ்ந்து கிடந்தது.

"நான் பொய் சொல்லல தமிழு."

இல்லை என்றேன்.

"டாக்டரு சொன்னதுல ஒண்ணையும் நான் மறைக்கல."

மறைக்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான். பாதம் தங்கும் என்று மருத்துவர் தொடங்கிய இடத்தில், விரல் போகும் என்று இவர் தொடங்கினார். அவ்வளவே வேறுபாடு. சாம்பலில் அவர் வரைந்த கோடு அப்போது என் நினைவுக்கு வந்தது. பாதம் தங்கும் என்று சொல்ல வேண்டுமானால், சொல்பவர் விரல்கள் ஏற்கெனவே போய்விட்ட ஓரிடத்தில் சென்று நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால்தான் மிஞ்சுவது பேறாகத் தெரியும். அவரால் அந்த ஓரடியை மனத்தளவில்கூட இறங்க முடியவில்லை. முழுக் காலோடு அனல்முன் நிற்கும் மனிதரின் பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசினார். அங்கிருந்து பேசினால் வேறு வாக்கியம் வாயில் வராது.

மருந்தில் ஆறவில்லை. மறுமுறை மருத்துவர் தாழ்வாரத்துக்கு அழைத்தபோது விரல்களைப் பற்றிய பேச்சே இல்லை, பாதம் என்றார். நான் உடனிருந்தேன். அவர் உள்ளே சென்று, பாதத்தை எடுக்க வேண்டுமாம் என்றுதான் மறுபடியும் தொடங்கினார். இம்முறை இடையில் நிறுத்தி, தவற்றைக் கண்டுகொண்டவர்போல் வாக்கியத்தைத் திருப்ப முயன்றார். முழங்கால் தங்கும் என்றார். கணவர் அதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்; அதற்கும் இசையவில்லை. யாரோ ஒருவர் சொன்னார் என்று ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு பச்சிலைக் களிம்பு வந்தது. மில் நண்பர்கள் மாறி மாறி வந்து, இதைவிட மோசமான கால்கள் ஆறிய கதைகளைச் சொன்னார்கள். அந்தக் கதைகளில் வந்த கால்கள் எல்லாம் ஆறிய கால்களே; ஆறாத கால்களுக்குக் கதை கிடையாது. இதை அவரே முன்பு வண்டியில் சொல்லியிருக்கிறார். இப்போது ஒவ்வொரு கதையையும் முன்நகர்ந்து அமர்ந்து கேட்டார்.

மூன்றாம் முறை முழங்காலுக்கு மேல் என்றார்கள். அன்று அவர் குழாயடியில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய்க் கணவரின் கையைப் பற்றிக்கொண்டார். தாம் கற்றதனைத்தையும் ஒரே வாக்கியத்தில் திரட்டி, சரியான பக்கத்திலிருந்து, மிகச் சரியாகச் சொன்னார்.

"கால எடுத்துட்டா நீ எங்கூட இருப்பய்யா."

காய்ச்சலில் கணவரின் கண்கள் பளபளத்தன. அவர் சிரிக்க முயன்றார்.

"ரெண்டு வெரலக் கேட்டப்பவே குடுக்கல டீச்சரே. இப்ப காலக் கேக்கறியே."

அந்த இரண்டு விரல்கள் செத்துப்போய் நெடுநாளாயிற்று; பாதமும் போயிற்று; கணக்கை இப்போது நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவர் மன்றாடினார். கணவரோ இன்னும் உருளையின்முன் இரு கால்களையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து அளந்தால் அந்த மனிதர் சொன்னதில் பிழையில்லை. கணவர் நினைவிழந்த பிறகு மனைவியே இசைவு தந்தார். காலை எடுத்தார்கள். உயிரும் நிற்கவில்லை.

மீஞ்சூருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. சவப்பெட்டி இலேசாக இருப்பதாகத் தூக்கியவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். அவர் நிமிர்ந்து அந்த மனிதரைப் பார்த்தார்.

விடுப்பு முடிந்து கல்லூரிக்கு வந்தபோது கையில் குடை இல்லை. பிறகும் அதை நான் காணவில்லை. இழப்பைப் பற்றிய அந்தப் பாடத்தை மட்டும் அவர் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துவிட்டுப் போவதாக மாணவியர் சொன்னார்கள். எடுத்துக்காட்டுகள் இல்லை. வண்டியில் கொய்யா வாங்குவதும் நின்றது. சன்னலோர இடம் மட்டும் மாறவில்லை. அங்கு அமர்ந்து, சாம்பல் படிந்த தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துச் சுத்தமாக்கிக்கொண்டே வருவார். மறுநாள் அது மீண்டும் படிந்திருக்கும்.

ஒரு மாலை, திரும்பும் வண்டியில், பொன்னேரிப் பெண் வந்து அவர் எதிரே அமர்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. தாய்க்கு மார்பில் கட்டி; ஒரு பக்கத்தை எடுத்துவிட வேண்டும்; எடுத்தால் பிழைக்க வழியுண்டு என்று மருத்துவர் அன்றுதான் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார். தாய்க்கு இன்னும் தெரியாது. அவள்தான் சொல்ல வேண்டும்.

"நீங்கதான மேடம் சொல்வீங்க, எந்தப் பக்கத்துலருந்து சொல்றோம்ன்றதுலதான் எல்லாம் கீதுன்னு. நான் எந்தப் பக்கத்துலருந்து சொல்லட்டும்?"

  அவர் துடைத்து முடித்த தகட்டையே கைக்குட்டையால் மீண்டும் துடைத்தார்.

"டாக்டரையே உள்ள கூட்டினு போய் சொல்லச் சொல்லேம்மா" என்றார் கடைசியில்.

"அய்ய, அவரு சொன்னா எங்கம்மா அங்கியே வுழுந்துடும் மேடம். நாமதான பக்குவமா சொல்லணும்?"

ஆற்றுப் பாலத்தின்மேல் வண்டி தடதடத்தது. பொன்னேரி நெருங்கியதும் அவள் எழுந்து, தோள்பையை மாட்டிக்கொண்டாள். அவசரமில்லை, இன்று அம்மாவிடம் பேச்சை எடுக்கப்போவதில்லை, மேடம் யோசித்து வைத்திருந்து காலையில் சொன்னால் போதும் என்றாள். படிக்கட்டில் நின்றபடி மீண்டும் திரும்பினாள்.

"நீங்க சொல்ற மாதிரியே ஒரு வார்த்த மாத்தாம சொல்றேன் மேடம்."

மறுநாள் காலை மீஞ்சூர் நடைமேடையில் அவரைப் பார்த்தேன். நான் கையசைத்தேன், அவரும் என்னைப் பார்த்தார். வண்டி வந்தது. பெண்கள் பெட்டி அவர் எதிரேதான் நின்றது. அவர் அதைக் கடந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு, வண்டியின் மறுகோடியை நோக்கி விரைந்து நடந்தார். கூட்டத்தோடு கூட்டமாக ஏதோ ஒரு பெட்டியில் ஏறினார். ஒரு குடையை விட மனமில்லாமல் மழையில் நனைந்தவர், அத்தனை ஆண்டு தம் இடத்தை, எவரும் கேட்காமலே விட்டுவிட்டுப் போனார். அதன்பின் அவர் அந்தப் பெட்டிக்கு வரவேயில்லை.

பொன்னேரியில் அவள் ஏறினாள். வெறுமையாய்க் கிடந்த சன்னலோரத்தைப் பார்த்தாள்.

"மேடம் லீவாம்மா இன்னிக்கு?"

  கவரைப்பேட்டையில் மேடம் வேறு பெட்டியிலிருந்து மாறி வந்து சேர்வார் என்று அவள் எண்ணியிருக்கலாம். தன் பையைக் கழற்றி அந்த இருக்கையின்மேல் வைத்து, அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். நிற்பவர்கள் கேட்டார்கள், ஆள் வருது என்றாள். கும்மிடிப்பூண்டி வரைக்கும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.